மூன்று வரிவடிவங்களும் ஒரு சிறுவனும்

பெங்களூருவிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44இல், மின்னணு நகரமும் பொம்மசந்திராவும் பின்னே சென்றதும் எதிர்ப்படுவது சந்தாபுரா. ஆனேக்கல் வட்டத்து ஊர். இங்கிருந்து ஒரு பாதை ஆனேக்கலுக்கும் மற்றொன்று தொம்மசந்திராவுக்கும் கிளைக்க, நெடுஞ்சாலை அத்திப்பள்ளியைத் தொட்டுத் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைகிறது. பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளை நம்பி ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் வாழ்கின்றன. அவர்கள் வீட்டில் ஒலிப்பது தமிழ். தெருவில் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். 2015ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டப்படி, கர்நாடகத்தின் எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்கப்பட வேண்டும். ஆகவே இங்கே வளரும் தமிழ்ச் சிறுவன் ஒருவன், பால்பற்கள் விழுந்து முடிவதற்குள் இரண்டு வரிவடிவங்களைப் பள்ளியில் கற்கிறான். பெற்றோர் விரும்பினால் மூன்றாவதாகத் தமிழையும் வீட்டில் கற்கிறான்.

அத்தகைய வீடுகளில் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. பெண்பிள்ளை தானாக உட்கார்ந்து படிக்கிறாள். பையனோ புத்தகத்தைக் கண்டால் ஓடுகிறான். இக்குறை வெறும் வீட்டுப் பேச்சு அன்று. கர்நாடகத்தில் 2024ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாணவியருள் 81.11 விழுக்காட்டினர் தேறினர். மாணவருள் தேறியோர் 65.90 விழுக்காட்டினரே. அதே ஆண்டு தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்விலும் மாணவியர் 96.44, மாணவர் 92.37 விழுக்காடு என்றே முடிவு வந்தது. 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பன்னாட்டு மதிப்பீடான பிசாவின் 2018ஆம் ஆண்டு வாசிப்புத் தேர்வில், வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பு முழுவதும் சிறுமியர் சராசரியாக ஏறத்தாழ 30 மதிப்பெண் முன்னே நின்றனர். 2022இல் அவ்விடைவெளி 24ஆகக் குறைந்தது. இடைவெளி உண்மை என்பதில் ஐயமில்லை. அதன் வேர் எங்கே இருக்கிறது என்பதே ஆராயத்தக்கது.

வேர் குருதியில் இருக்கிறது என்று சொல்லிக் கைகழுவுவது எளிது. ஆய்வுகள் அதற்கு இடம் தரவில்லை. 1988இல் ஜேனட் ஹைடும் மார்சியா லின்னும் மொழித்திறன் பற்றிய 165 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அளந்தனர். ஆண் பெண் இருபாலாரின் சராசரி வேறுபாடு, ஒரே பாலாருக்குள் காணப்படும் ஏற்றத்தாழ்வில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தது. நடைமுறையில் அது இல்லையென்றே சொல்லத்தக்க அளவு. 1990இல் சாலி ஷேவிட்சும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் செய்த ஆய்வு இன்னும் கூர்மையானது. இரண்டாம் வகுப்பில் வாசிப்பிடர் உள்ளோர் எனப் பள்ளிகள் அடையாளம் காட்டிய சிறுவர் 13.6 விழுக்காடு, சிறுமியர் 3.2 விழுக்காடு. ஆய்வாளர்கள் அதே குழந்தைகள் அனைவரையும் தாமே சோதித்தபோது சிறுவரிடம் 8.7, சிறுமியரிடம் 6.9 விழுக்காடே வாசிப்பிடர் தென்பட்டது. பின்னர் நிகழ்ந்த பெரிய ஆய்வுகள் சிறுவரிடம் அவ்விடர் ஓரளவு மிகுதி என்பதை உறுதிசெய்துள்ளன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நான்கு மடங்கு என்னும் தோற்றத்தை உண்டாக்கியது வகுப்பறையின் பார்வை. அடங்காத பையன் கண்ணில் படுகிறான். அமைதியாகத் தடுமாறும் பெண்குழந்தை கண்ணில் படுவதில்லை. இருவருக்குமே அது தீங்கு.

பார்வை மட்டும் இப்படிச் செய்யுமா என ஐயுறுவோர்க்கு, பாஸ்கல் பான்சுவும் உடனாய்வாளரும் பிரான்சில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு விடை தருகிறது. மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 80 பேரிடம் ஒரே தாளைத் தந்தார்கள். ஒரு பகுதியினரிடம் இது வாசிப்புத் திறனைச் சோதிக்கும் தேர்வு என்றார்கள். மற்றவரிடம் இது ஓர் இதழுக்கான விளையாட்டு என்றார்கள். தேர்வு என்றபோது சிறுவர் பின்தங்கினர். விளையாட்டு என்றபோது அவர்கள் சிறுமியரை விஞ்சினர். தாள் ஒன்றே, மாறியது அதன் பெயர் மட்டும். எட்டு அல்லது ஒன்பது வயதிலேயே, வாசிப்பு தனக்குரியது அன்று என்னும் எண்ணம் சிறுவன் உள்ளத்தில் குடியேறிவிடுகிறது. அவ்வெண்ணத்தின் சுமையே அவன் கண்களை எழுத்திலிருந்து விலக்குகிறது.

இனி, வாசிப்பு என்பது உடலுக்கு எத்தகைய வேலை என்பதைப் பார்க்க வேண்டும். பேச்சுக்கு மனித மூளை பல்லாயிரம் தலைமுறைகளாகப் பழகியுள்ளது. எழுத்து தோன்றி ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளே ஆகின்றன. வாசிப்புக்கென ஓர் உறுப்பு மூளையில் படிமலர்ச்சியால் உருவாவதற்கு அக்காலம் போதாது. ஆகையால் ஒவ்வொரு குழந்தையும் தன் மூளையில் ஏற்கெனவே உள்ள ஓர் இடத்தை எழுத்துக்கெனப் பழக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மூளையின் இடப்பக்கத்தில், பிடரி மடலும் பொட்டு மடலும் சந்திக்கும் அடிப்பரப்பில் அவ்விடம் உள்ளது. முகங்களையும் பொருள்களையும் வடிவங்களையும் இனங்காணும் பகுதி அது. பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் இதனை நரம்பணுக்களின் மறுபயன்பாடு என விளக்கினார். 2010இல் அவருடைய குழு பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் 63 பெரியவர்களின் மூளைச் செயற்பாட்டைப் படமெடுத்து ஆராய்ந்தது. அவர்களுள் சிறுவயதில் பள்ளி சென்றோர் இருந்தனர். வளர்ந்தபின் எழுத்தறிந்தோர் இருந்தனர். எழுத்தே அறியாதோரும் இருந்தனர். எழுத்தறிந்தோர் எவராயினும் அதே இடம் எழுத்துக்கு விழித்தெழுந்தது. நாற்பது வயதில் கற்றாலும் மூளை இடம் தருகிறது என்றால், எட்டு வயதில் பின்தங்கிய சிறுவனைக் கைவிடுவதற்கு அறிவியலில் ஒரு காரணமும் இல்லை.

நம் நாட்டிலும் இவ்வகை ஆய்வு நிகழ்ந்துள்ளது. இலக்னோவை அடுத்த ஊர்ப்புறங்களில் தேவநாகரி அறிந்தோரையும் அறியாதோரையும் ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வு, எழுத்துக்கு இடம் உருவாவதால் முகங்களைக் காணும் திறன் அழிவதில்லை எனக் காட்டியது. இன்னொரு செய்தியும் பெற்றோர் அறிய வேண்டியது. ஒரு பொருளை வலமிருந்து பார்த்தாலும் இடமிருந்து பார்த்தாலும் ஒன்றே எனக் கொள்வது மூளையின் இயல்பு. காட்டில் விலங்கின் முகம் எத்திசையில் திரும்பியிருந்தாலும் அது அதே விலங்கு. எழுத்தில் மட்டும் அவ்வியல்பு தடையாகிறது. ஆங்கிலத்தின் ‘பி’, ‘டி’ சிற்றெழுத்துகள் ஒன்றன் கண்ணாடி உருவமே மற்றொன்று. ஐந்தாறு வயதில் இவற்றைத் திருப்பி எழுதும் சிறுவன் மந்தமானவன் அல்லன். பல்லாயிரம் ஆண்டுப் பழக்கத்தை அவன் மூளை அப்போதுதான் கைவிடத் தொடங்கியிருக்கிறது. அவ்வேளையில் தலையில் குட்டு விழுந்தால் எழுத்தின்மேல் வெறுப்பு தொடங்கிவிடும்.

சந்தாபுராச் சிறுவனின் முன்னுள்ள மூன்று வரிவடிவங்களும் ஒரே தன்மையன அல்ல. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247. எண்ணிக்கை அச்சுறுத்தினாலும் பெரும்பகுதி ஒழுங்கானது. காலையும் கொம்பையும் சுழியையும் அறிந்தவன் வரிசை வரிசையாகக் கட்டிக்கொள்கிறான். உகர ஊகார வரிசைகள் மட்டும் மெய்க்கு மெய் உருமாறி அவனை அலைக்கழிக்கும். கெ, கொ ஆகியவற்றில் ஒலியில் பின்வரும் உயிரின் குறி கண்ணுக்கு முன்வரும். கூட்டெழுத்து என்னும் சிக்கலைப் புள்ளி தீர்த்துவிடுகிறது. கன்னடத்தில் அப்புள்ளி வழக்கு இல்லை. மெய்யின் கீழ் மெய் ஒட்டெழுத்தாக அடுக்கப்படும். உயிர்மெய்களையும் ஒட்டெழுத்துகளையும் சேர்த்தால் கற்க வேண்டிய வடிவங்கள் நூற்றுக்கணக்கில் விரியும். ஆனால் தமிழில் ஒரு ககரமே சொல்லில் நிற்கும் இடத்துக்கேற்பப் பல ஒலிகளைத் தாங்க, கன்னடம் அவ்வொலிகளுக்குத் தனித்தனி எழுத்து தருகிறது. ஒன்றில் வடிவம் குறைவு, ஊகம் மிகுதி. மற்றொன்றில் வடிவம் மிகுதி, ஊகம் குறைவு.

பெங்களூருவில் கன்னடக் குழந்தைகளின் வாசிப்பைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வரும் சோனாலி நாக், 2007இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு முதன்மையான உண்மையை நிறுவினார். கன்னட எழுத்துகள் முழுவதையும் கையாளும் திறன் முதல் வகுப்போடு முடிந்துவிடுவதில்லை. நான்காம் வகுப்பு வரையும் அதற்கு அப்பாலும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அசையைப் பிரித்தறியும் உணர்வு விரைவில் வர, தனி ஒலியனைப் பிரித்தறியும் உணர்வு மெதுவாகவே வருகிறது. ஆங்கிலக் குழந்தைகளுக்கென வகுத்த கால அட்டவணையைக் கொண்டு கன்னடமோ தமிழோ படிக்கும் குழந்தையை அளப்பது தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இரண்டாம் வகுப்பில் ஒட்டெழுத்தில் திணறும் சிறுவன் பின்தங்கவில்லை, வழியில் இருக்கிறான்.

ஆங்கிலமோ எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவில் மிகக் குழப்பமான மொழி. ஃபிலிப் சீமூரும் உடனாய்வாளரும் ஐரோப்பிய மொழிகள் 13இல் தொடக்க வாசிப்பை ஒப்பிட்டு 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முதலாண்டு முடிவில் பின்லாந்து, கிரேக்கம், செருமனி, ஸ்பெயின் நாட்டுக் குழந்தைகள் பழகிய சொற்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் சரியாக வாசித்தார்கள். ஆங்கிலம் கற்ற ஸ்காட்லாந்துக் குழந்தைகள் வாசித்தது 34 விழுக்காடு. ஆங்கிலம் வீட்டுமொழியாக உள்ள குழந்தைகளின் நிலையே இது. வீட்டில் ஒரு சொல்லும் ஆங்கிலம் கேளாத சிறுவனை நான்கு வயதில் ஆங்கில எழுத்தின்முன் அமர்த்தி, ஆறு வயதில் அவன் வாசிப்பு இனிக்கவில்லை என வருந்துவது முறையன்று.

1986இல் ஃபிலிப் கோவும் வில்லியம் டன்மரும் வாசிப்பை ஓர் எளிய பெருக்கலாகக் காட்டினர். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒரு காரணி, மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொரு காரணி. இரண்டின் பெருக்கமே வாசிப்பு. கூட்டலென்று எண்ணினால்தான் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும். பெருக்கலில் ஒன்று சுழியானால் விடையும் சுழி. சந்தாபுராவின் வீடுகளில் ஆங்கிலப் பாடத்தைக் கணீரென்று ஒப்பிக்கும் சிறுவர் உண்டு; வாசித்ததில் என்ன நடந்தது என்று கேட்டால் விழிப்பார்கள். ஒலி உண்டு, பொருள் இல்லை. பொருளில்லாத இடத்தில் இன்பம் எப்படிப் பிறக்கும்? அத்தகைய சிறுவனுக்கு முழுமையாகப் புரியும் மொழி வீட்டில் இருக்கிறது. அம்மொழியில் வாசிக்கத் தொடங்கினால் பெருக்கலின் ஒரு காரணி முன்கூட்டியே நிறைந்திருக்கும். தமிழ் படித்தால் கன்னடம் கெடும் என்னும் அச்சமும் வேண்டியதில்லை. இரண்டும் பிராமியின் வழிவந்தவை. மெய்யின்மேல் உயிர்க்குறி ஏறும் முறை இரண்டுக்கும் பொது. அம்முறையை ஒன்றில் கண்டுகொண்டவன் மற்றதில் புதிய வடிவங்களை மட்டும் கற்றால் போதும்.

இக்கட்டுரையின் மையம் இனி வருவது. இன்பம் வந்தால் வாசிப்பான் என்று பொதுவாக நம்புகிறோம். ஆகையால் கெஞ்சுகிறோம், புகழ்கிறோம், வண்ணப்படங்கள் நிறைந்த நூல் வாங்கித் தருகிறோம். உண்மையின் ஓட்டம் பெரும்பாலும் எதிர்த்திசையில் இருக்கிறது. நெதர்லாந்தில் ஏழு வயதையொட்டிய இரட்டைக் குழந்தைகள் 11,000 பேருக்கு மேல் கொண்ட ஆய்வை எல்ஸ்யே வான் பெர்கனும் உடனாய்வாளரும் 2018இல் வெளியிட்டனர். நன்றாக வாசிக்கும் திறனே மிகுதியாக வாசிக்க வைக்கிறது என்பது அதன் முடிவு. மிகுதியான வாசிப்பு அவ்வயதில் திறனை உயர்த்தியதற்கு அவர்களுக்குச் சான்று கிட்டவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2020ஆம் ஆண்டின் மதிப்பீடு ஒன்றும், திறனும் ஆர்வமும் ஒன்றையொன்று வளர்த்தாலும், முந்தைய திறன் பிந்தைய ஆர்வத்தை முன்னறிவிக்கும் அளவு வலியது என்றே கண்டது. சுருங்கச் சொன்னால், எளிமையாக வந்தபின்பே இனிமை வருகிறது.

இதன் காரணம் நினைவின் அளவில் உள்ளது. உடனடி நினைவு மிகச் சிறியது. சில செய்திகளையே ஒரு வேளையில் தாங்கும். ஒவ்வோர் எழுத்தையும் எண்ணி எண்ணிக் கூட்டும் சிறுவன், தொடரின் இறுதிக்கு வருமுன் தொடக்கத்தை இழந்துவிடுகிறான். ஓட்டைக் குடத்தில் நீர் சுமப்பவன் படும் பாடு அது. எழுத்துகள் தாமாகவே ஒலியாகும் நிலை வந்ததும் நினைவு விடுபட்டுக் கதைக்குள் செல்கிறது. டேவிட் ஷேர் 1995இல் முன்வைத்த கருத்து இவ்விடத்தில் ஊக்கம் தருவது. குழந்தை புதிய சொல் ஒன்றை எழுத்துக்கூட்டிச் சரியாக ஒலித்துவிட்டால், அச்செயலே அச்சொல்லின் உருவை அதன் உள்ளத்தில் பதிக்கிறது. சில முறை கண்டபின் கூட்டாமலே அடையாளம் காண்கிறது. அதாவது, தொடக்க வாயிலைக் கடந்தவன் தனக்குத் தானே ஆசிரியன் ஆகிறான். ஆனால் கடக்கும் வரை அவன் கையில் இருக்க வேண்டிய நூல் அவன் வயதுக்குரிய நூல் அன்று, அவன் திறனுக்குரியது. மூன்றாம் வகுப்புச் சிறுவன் முதல் வகுப்பு நூலைச் சரளமாக வாசிப்பது இழிவில்லை. அவ்வெற்றியை அவனுக்கு நாம் தாராளமாக வழங்க வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை வகுப்பின்படி பிரிக்காமல் நுழை, நட, ஓடு, பற என்னும் நிலைகளாகப் பிரித்தது இக்காரணத்தாலேயே மிகச் சரியான செயல்.

மொழியறிவோடு பொருளறிவும் வாசிப்பைத் தூக்கி நிறுத்துகிறது. 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் அமெரிக்கச் சிறார் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வருணனையை வாசிக்கத் தந்தனர். வாசிப்பில் கீழ்நிலையில் இருந்தும் அவ்விளையாட்டை நன்கறிந்தவர்கள், வாசிப்பில் மேல்நிலையில் இருந்தும் விளையாட்டை அறியாதவர்களைவிடத் தெளிவாகப் புரிந்து நினைவில் வைத்திருந்தார்கள். சந்தாபுராவில் இதைப் பெயர்த்துச் சொல்ல வேண்டுமானால் கிரிக்கெட்டே போதும். ஆட்டத்தின் ஒவ்வோர் ஓவரையும் மனத்தில் வைத்திருக்கும் பத்து வயதுச் சிறுவனுக்கு, நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் பாதிச் சொற்கள் ஏற்கெனவே தெரியும். பேருந்துகளில் ஆர்வமுள்ளவனுக்கு நெடுஞ்சாலையே பாடநூல். அத்திப்பள்ளி, ஆனேக்கல் என்று கன்னடத்தில் எழுதிய பெயர்ப்பலகை, அதில் கன்னட எண்கள், தமிழ்நாட்டு எண்பலகையில் 70 என்றிருந்தால் ஓசூர் வண்டி என்னும் குறிப்பு. இவை அவன் விரும்பித் தேடிப் படிக்கும் எழுத்துகள். பூச்சி, பாம்பு, ஏவூர்தி, பொறி, விடுகதை ஆகியவற்றைப் பற்றிய நூல்களைப் பாடத்துக்குப் புறம்பானவை என்று ஒதுக்கும் வழக்கம் நம் வீடுகளில் ஆழமானது. கதை மட்டுமே வாசிப்பு, நீதி மட்டுமே கதை என்று கொண்டதால் எத்தனையோ சிறுவரை நாம் இழந்திருக்கிறோம்.

படக்கதைக்கும் இதே ஒதுக்கல் நேர்ந்தது. 1947இல் சென்னையில் தொடங்கிப் பின்னர் கன்னடத்திலும் வெளிவந்த அம்புலிமாமாவும், 1972இல் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்ட முத்து காமிக்ஸும் தமிழ்ச் சிறுவர் தலைமுறைகளுக்கு வாசிப்பைப் பழக்கிய பள்ளிகள். படம் பொருளைத் தாங்குகிறது. ஆகவே சொல்லில் தடுக்கினாலும் கதை நின்றுவிடுவதில்லை. குறுந்தொடர்கள், பேச்சு மொழியின் ஓசை, அடுத்த பக்கம் என்ன என்னும் துடிப்பு ஆகிய மூன்றும் திணறும் வாசகனுக்கு நேரிய உதவிகள். அவற்றைப் பிடுங்கி வைப்பதைப் பெற்றோர் நிறுத்த வேண்டும்.

திரைப்பாடலும் கைகொடுக்கும். அகமதாபாது இந்திய மேலாண்மை நிறுவனத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி 1996இல் எளிய எண்ணம் ஒன்றைக் கொண்டார். தொலைக்காட்சிப் பாடலின் அடிகளைப் பாடலின் மொழியிலேயே திரையின் கீழே எழுத்தாக ஓடவிட்டால், பாட்டை அறிந்த நாட்டு மக்கள் தம்மை அறியாமல் வாசிப்பார்கள் என்பதே அது. 1999இல் குசராத்தித் தொலைக்காட்சியில் தொடங்கிய அம்முயற்சி பின்னர் நாடெங்கும் ஒளிபரப்பாகும் பாடல் நிகழ்ச்சிகளுக்கும் பரவியது. ஒலி முன்பே மனப்பாடம். கண் அதற்குரிய எழுத்தைத் தேடிப் பிடிக்கிறது. கைப்பேசியில் பாடல் பார்க்கும் சிறுவனிடமிருந்து கருவியைப் பறிப்பதற்கு முன், தமிழ் அடிகள் எழுத்தாக ஓடும் பாடலை அவனுக்குத் தேடித் தரலாம்.

பரிசு பற்றியும் ஒரு சொல். 1973இல் மார்க் லெப்பரும் உடனாய்வாளரும் செய்த புகழ்பெற்ற சோதனையில், படம் வரைவதை விரும்பிய மழலையரிடம் வரைந்தால் பட்டயம் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். பட்டயம் வாங்கிய குழந்தைகள் பின்னர் தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். பத்துப் பக்கம் படித்தால் இனிப்பு, இருபது பக்கம் படித்தால் கைப்பேசி என்னும் பேரம், வாசிப்பைக் கைப்பேசிக்குச் செலுத்தும் கட்டணமாக்கிவிடுகிறது. 2008இல் மாரினக், கேம்பிரெல் இருவரும் மூன்றாம் வகுப்பினரிடம் செய்த ஆய்வு வேறொரு வழி காட்டியது. பரிசாக நூலையே தந்தபோது ஆர்வம் குறையவில்லை. பரிசு தந்தே தீர வேண்டுமென்றால் அது புத்தகமாகவே இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தும் எட்டு வயதைக் கடந்த சிறுவன் எழுத்திலேயே நின்றுபோனால், சோம்பல் என்று முடிவு கட்டக் கூடாது. கண்ணையும் செவியையும் முதலில் சோதிக்க வேண்டும். அடுத்து, வாசிப்பிடர் உண்டா என்பதை உரியவரிடம் காட்டி அறிய வேண்டும். மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டுக் கருவி கன்னடத்திலும் உண்டு. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இவ்விடரைச் சோதித்துச் சான்றளிக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் இடர்களையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. ஆகவே உதவி பெறுவது அச்சிறுவனின் உரிமை.

எளிய நூல்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்போருக்குப் பெங்களூருவை விட நல்ல இடம் இந்தியாவில் அரிது. 1892இல் சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகி, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்த சீ. இரா. அரங்கநாதன் தம் இறுதிக்காலத்தை இந்நகரில் கழித்து 1972இல் மறைந்தார். வாசகனும் அவனுக்கேற்ற நூலும் ஒருவரையொருவர் கண்டடையச் செய்வதே நூலகத்தின் பணி என்று அவ்விதிகள் கூறுகின்றன. 1931இலேயே மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர்ப்புறங்களுக்கு அனுப்பிய முயற்சியைத் தொடங்கி வைத்தவரும் அரங்கநாதனே. இன்று அவ்வண்டியின் வேலையை வேறு கைகள் செய்கின்றன. 2004இல் பெங்களூருவில் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015 முதல் ஸ்டோரிவீவர் என்னும் இணையத்தளத்தில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் உள்ளிட்ட பல மொழிகளில் நான்கு நிலைகளாகச் சிறுவர் நூல்களைக் கட்டணமின்றி வழங்குகிறது. ஒரே கதையை மூன்று வரிவடிவங்களிலும் வாசிக்கும் வாய்ப்பு சந்தாபுராச் சிறுவனுக்கென்றே அமைந்தது போன்றது. கர்நாடக ஊரக வளர்ச்சித் துறை 2020இல் தொடங்கிய ‘ஓதுவ பெளகு’ இயக்கம், ஊராட்சி நூலகங்களில் 6 முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு உறுப்பினர் கட்டணத்தை நீக்கியது. மாநிலமெங்கும் அத்தகைய நூலகங்கள் 5,000க்கு மேல் உள்ளன. சந்தாபுரா நகர எல்லைக்குள் வந்துவிட்டாலும், சுற்றியுள்ள ஊராட்சிகள் தொலைவில் இல்லை.

பொம்மசந்திராவிலும் ஜிகணியிலும் பணிமுறை முடித்துக் களைத்து வரும் தந்தையரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் படிப்பைத் தாயிடமும் தனிப்பயிற்சி ஆசிரியரிடமும் விட்டுவிடாதீர்கள். வாசிப்பு பெண்களின் வேலை என்று மகன் எண்ணத் தொடங்குவது, வீட்டில் வாசிக்கும் ஆணை அவன் காணாததால்தான். உங்களுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வருமென்றாலும் தயங்க வேண்டாம். இருவரும் சேர்ந்து கூட்டுங்கள். இரவு உணவுக்குப்பின் கால் மணி நேரம், தமிழில், அவனுக்கு எளிதாக வரும் நூலை அவனே தேர்ந்தெடுக்கட்டும். பிழையை உடனே திருத்தாதீர்கள்; அந்தத் தொடர் முடியும்வரை பொறுத்திருங்கள். இவ்வாரத்தில் ஒருநாள் மாலை அவனை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள ஊராட்சி நூலகத்துக்குச் சென்று, அவன் பெயரில் ஓர் உறுப்பினர் அட்டை கேளுங்கள்.